போர்டு போனது, விண்டோஸ் பிழைத்தது: ஓர் அச்சகக் கணினியின் நிகழ்வு ஆய்வு

கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் அடிக்கும் ஒரு சின்ன அச்சகத்தின் டிசைன் கம்ப்யூட்டர் இது. 2012 வாக்கில் அசெம்பிள் செய்தது. இன்டெல் ஹெச்61 சிப்செட் மதர்போர்டு, மூன்றாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், 8 ஜிபி டிடிஆர்3 ராம். முதலில் விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் இலவசமாக ஏற்றிக்கொள்ள விட்ட காலத்தில் அதையே விண்டோஸ் 10 ஆக்கினார்கள். பின்னால் ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததை அப்படியே 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்தார்கள். இந்த வரலாறு முக்கியம். கீழே வரும் சிக்கல்களில் பாதி இதிலிருந்துதான் முளைத்தன.

வேலைக்கு வந்தபோது நிலைமை இது: பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது. வேறு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), வேறு ராம் போட்டும் மாற்றமில்லை. ப்ராசஸரை ஒட்டி இருக்கும் கெபாசிட்டர்களில் சில தலை உப்பிக் கிடந்தன. எஸ்எஸ்டியைக் கழற்றி யுஎஸ்பி கேபிள் வழியாக வேறொரு லேப்டாப்பில் மாட்டினால் எல்லாக் கோப்புகளும் பத்திரமாகத் தெரிந்தன. போனது போர்டு மட்டும்.

கடைக்கார அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, என்ன வேணா பண்ணு, ஃபார்மட் மட்டும் அடிச்சிராத."

ஏன் ஃபார்மட் கூடாது

கோப்புகளை இழந்துவிடுவோம் என்ற பயத்தில் அவர் சொல்லவில்லை. டி டிரைவில் இருக்கும் பத்திரிகை டிசைன்களுக்கு வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி இருக்கிறது. அவர் கவலை சி டிரைவைப் பற்றியது. 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7, அதன் சிடி எங்கே என்று யாருக்கும் தெரியாது. யூனிகோடுக்கு முந்தைய குறியீட்டில் இயங்கும் தமிழ் எழுத்துருத் தொகுப்பு, அதற்கென்று தனி கீபோர்டு டிரைவர், அதற்கு உரிமம் சொல்லும் ஒரு யுஎஸ்பி லாக். பத்து வருடத்துக்கும் மேலாகச் சேர்ந்த டெம்ப்ளேட்டுகள், ஷார்ட்கட்டுகள், பிரின்டர் அமைப்புகள். புதிதாக விண்டோஸ் போடுவது அரை மணி நேர வேலை. இதையெல்லாம் மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவருவது முகூர்த்த சீசனில் நடக்கிற காரியமில்லை.

போர்டு மாறினால் ஃபார்மட் என்பது சர்வீஸ் கடைகளில் ஊறிப்போன பழக்கம். எக்ஸ்பி காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. எக்ஸ்பி நிறுவப்படும்போதே அந்த போர்டுக்குப் பொருந்தும் அடிமட்டக் கோப்பு ஒன்றைத் தேர்ந்து போட்டுக்கொள்ளும். டிஸ்க்கை இயக்கும் டிரைவரும் அப்படித்தான். போர்டு மாறினால் நீலத் திரை அநேகமாக நிச்சயம். விண்டோஸ் 10 அப்படி இல்லை. புது போர்டில் ஏற்றினால் "கெட்டிங் டிவைசஸ் ரெடி" என்று கொஞ்ச நேரம் சுற்றும், பிறகு தானே டிரைவர்களைத் தேடிப் போட்டுக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும். பெரும்பாலான போர்டு மாற்றங்களில் இவ்வளவுதான் கதை.

ஆகவே டிரைவரைப் பற்றி எல்லாரும் படுகிற கவலை இன்று மிகை. சிக்கல் வேறு இரண்டு இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று, விண்டோஸ் எழும்புவதற்கு முன்னால்: டிஸ்க்கை போர்டு எந்த முறையில் படிக்கிறது என்பதில். இன்னொன்று, டெஸ்க்டாப் வந்த பின்னால்: பழைய போர்டோடு பிணைந்திருந்த உரிமங்களிலும் அமைப்புகளிலும். இந்த வழக்கில் இரண்டுமே வந்தன.

எந்த போர்டு

சுலபமான வழி ஒன்று இருந்தது. ஹெச்61 போர்டுகள் இன்னும் சந்தையில் கிடைக்கின்றன, பழையதும் உண்டு, புதிதாகத் தயாரித்ததும் உண்டு. அதே ப்ராசஸர், அதே ராம், அதே எஸ்எஸ்டி. பயாஸில் (போர்டுக்குள்ளேயே இருக்கும் தொடக்க நிரலில்) ஓரிரண்டு அமைப்புகளைச் சரிபார்த்தால் விண்டோஸ் ஒன்றுமே நடக்காததுபோல் எழும்பும். பணம் இறுக்கம் என்றால் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அக்காவின் மகன் புது கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் ஓட்ட வேண்டும் என்று நின்றார். சரி, ஹெச்610 போர்டு, ஐ3-12100, 16 ஜிபி டிடிஆர்4 என்று முடிவானது. அந்த ப்ராசஸரைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 12ஆம் தலைமுறையின் பெரிய ப்ராசஸர்களில் வேகக் கோர், சிக்கனக் கோர் என்று இரண்டு வகை கலந்திருக்கும். எந்த வேலையை எதற்குக் கொடுப்பது என்று பிரித்துக் கொடுப்பதில் விண்டோஸ் 11 அளவுக்கு விண்டோஸ் 10க்குத் தேர்ச்சி கிடையாது. ஐ3-12100இல் நான்குமே வேகக் கோர்கள். பழைய விண்டோஸை வைத்துக்கொண்டு ஓட்டப்போகிறவருக்கு இது நிம்மதி.

புது போர்டில் ஒரு வில்லங்கமும் இருந்தது, அது வாங்கும்போதே தெரிந்ததுதான். பழைய விண்டோஸ் 7 பழைய பயாஸ் முறையில், எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அமைப்பில் போடப்பட்டது. அந்த அமைப்பு விண்டோஸ் 10க்கும் எஸ்எஸ்டிக்கும் அப்படியே தொற்றிக்கொண்டு வந்துவிட்டது. இன்டெல் 500 வரிசை சிப்செட்டிலிருந்து, ப்ராசஸரில் உள்ள கிராஃபிக்ஸை மட்டும் நம்பி ஓட்டினால் பழைய பயாஸ் முறை கிடைக்காது, அதற்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ முறை மட்டும்தான். தனி கிராஃபிக்ஸ் கார்டு மாட்டினால் சில போர்டுகளில் சிஎஸ்எம் என்ற, பழைய பயாஸ் முறைக்கான பொருத்தப் பயன்முறையைத் திறக்கலாம். யாரோ ஒருவர் பழைய கிராஃபிக்ஸ் கார்டு தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். நாளைக்கு அந்தக் கார்டு போனால் கம்ப்யூட்டரும் எழும்பாது. மாற்ற வேண்டியது டிஸ்க்கின் அமைப்பைத்தான்: எம்பிஆரிலிருந்து, யுஇஎஃப்ஐயில் விண்டோஸ் எழும்பத் தேவையான ஜிபிடி அமைப்புக்கு.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும்: விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா. இது 64 பிட். 32 பிட்டாக இருந்திருந்தால் இந்த யுஇஎஃப்ஐ போர்டில் எழும்பாது, மாற்ற வழியும் இல்லை. பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருளுக்காகவே 32 பிட் விண்டோஸ் போட்டு வைத்திருக்கும் அச்சகங்கள் உண்டு. அங்கே ஹெச்61 போர்டைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு

எதையும் தொடுவதற்கு முன் க்ளோன்சில்லா என்ற டிஸ்க் நகலெடுக்கும் மென்பொருளை வைத்து எஸ்எஸ்டி முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு இமேஜ் (முழு நகல்) எடுத்தாயிற்று. கோப்புகளை மட்டும் காப்பி செய்வது இதற்கு ஈடாகாது. பார்ட்டிஷன் அட்டவணையிலேயே கை வைக்கப் போகிறோம்; கெட்டால் இருந்த இடத்துக்கே திரும்பி வர முழு இமேஜ் வேண்டும்.

விண்டோஸ் 10இல் 2017இல் வந்த 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்-டு-ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது. டேட்டாவை அழிக்காமல் அமைப்பை மட்டும் மாற்றும். பழைய போர்டு உயிரோடு இருந்தால் ஓடுகிற விண்டோஸுக்குள்ளிருந்தே இதைச் செய்துவிட்டு போர்டை மாற்றலாம், அதுதான் சொகுசு. இங்கே பழைய போர்டு செத்துவிட்டதால், எஸ்எஸ்டியைப் புது போர்டில் மாட்டி, விண்டோஸ் 10 நிறுவும் பென்டிரைவில் எழுப்பி, முதல் திரையிலேயே ஷிஃப்ட்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்திக் கறுப்புக் கட்டளைத் திரைக்குள் போனோம்.

முதலில் விண்டோஸின் பார்ட்டிஷன் கருவியான டிஸ்க்பார்ட்டில் டிஸ்க்குகளைப் பட்டியலிட்டு எஸ்எஸ்டி எத்தனையாவது எண் என்று பார்க்க வேண்டும். பென்டிரைவும் கூட இருப்பதால் எண் மாறலாம். இங்கே எஸ்எஸ்டி 0. அப்புறம் மாற்றாமல் சோதிக்க மட்டும் சொல்லும் வேலிடேட் கட்டளை. பதில் ஒரே வரி: டிஸ்க் 0இன் அமைப்பு தேறவில்லை.

காரணம் பார்ட்டிஷன் பட்டியலைப் பார்த்ததும் புரிந்தது. முதலில் 100 எம்பி சிஸ்டம் ரிசர்வ்டு, விண்டோஸ் 7 போட்டது. அடுத்து சி. சிக்குப் பின்னால் 450 எம்பி ரெக்கவரி பார்ட்டிஷன், இது விண்டோஸ் 10க்கு ஏறும்போது சியிலிருந்து கிள்ளி எடுத்துக்கொண்டது. கடைசியில் டி. ஆக நான்கு ப்ரைமரி பார்ட்டிஷன். இந்தக் கருவிக்கு மூன்றுக்கு மேல் ஆகாது. நாலுக்கு மேல் பிரிக்க உதவும் எக்ஸ்டெண்டட், லாஜிக்கல் வகையறா ஒன்றுகூட இருக்கக் கூடாது. சி, டி, இ, எஃப் என்று நாலாகப் பிரித்துக் கொடுப்பது நம் ஊர் அசெம்பிள் கடைகளின் வாடிக்கை, அப்படிப் பிரித்த டிஸ்க்குகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தட்டும். அங்கே லாஜிக்கல் டிரைவில் இருப்பதை வேறெங்காவது நகர்த்திவிட்டு அதைக் கலைப்பதைத் தவிர வழியில்லை.

இங்கே பலி கொடுக்கத் தோதானது ரெக்கவரி பார்ட்டிஷன். ஆனால் அதை அப்படியே அழித்தால் விண்டோஸ் எழும்பாதபோது உதவிக்கு வரும் மீட்புச் சூழலும் போய்விடும். அதனால் முதலில் அந்தப் பார்ட்டிஷனுக்கு ஒரு எழுத்தைக் கொடுத்து, அதற்குள் மறைந்திருக்கும் வின்ஆர்இ கோப்பை சியில் விண்டோஸ், சிஸ்டம்32, ரெக்கவரி ஃபோல்டருக்குக் காப்பி செய்தோம். பிறகு டிஸ்க்பார்ட்டில் அந்தப் பார்ட்டிஷனைத் தேர்ந்து, ஓவர்ரைடு சொல்லி டெலீட். ரெக்கவரி வகைப் பார்ட்டிஷனை டிஸ்க் மேனேஜ்மென்ட் அழிக்க விடாது. டிஸ்க்பார்ட்டிலும் ஓவர்ரைடு சேர்க்காமல் நடக்காது. என்டர் தட்டும் முன் அளவைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டிய இடம் இது. தப்பான எண்ணைத் தேர்ந்திருந்தால் டிஸ்க்பார்ட் கேள்வி கேட்காமல் அதை அழித்துவிடும்.

மறுபடி வேலிடேட், இந்தத் தடவை தேறியது. அடுத்து கன்வர்ட். சில நொடிகளில் முடிந்தது. விண்டோஸுக்கு வெளியிலிருந்து ஓட்டியதில் ஒரு லாபம்: பழைய சிஸ்டம் ரிசர்வ்டு பகுதியையே யுஇஎஃப்ஐக்கு வேண்டிய இஎஸ்பி பார்ட்டிஷனாக மாற்றிக்கொண்டது. விண்டோஸுக்குள்ளிருந்து செய்தால் அந்தப் பகுதி உபயோகத்தில் இருக்கும் என்பதால் சியைச் சுருக்கிப் புதிதாக ஒன்றை உண்டாக்கும். கடைசி வரியில் ரீஏஜென்ட் கோப்பைப் புதுப்பிக்க முடியவில்லை, மீட்புச் சூழலைக் கையால் நிறுத்தி இயக்கவும் என்று ஒரு புகார் வந்தது. அது எதிர்பார்த்ததுதான். பிறகு டெஸ்க்டாப் வந்ததும் அட்மின் கட்டளைத் திரையில் ரீஏஜென்ட்சி கருவிக்கு டிசேபிள், எனேபிள் என்று கொடுத்ததும், முன்பு காப்பி செய்து வைத்த கோப்பை எடுத்துக்கொண்டு சரியாகிவிட்டது.

லோகோ வந்தது, பிறகு நீலத் திரை

பென்டிரைவை எடுத்துவிட்டு எழுப்பினால் புது போர்டு விண்டோஸை அடையாளம் கண்டது. லோகோ வந்தது, புள்ளிகள் ஒரு சுற்று சுற்றின, பிறகு நீலத் திரை: "இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்".

இந்தப் பெயரைப் பார்த்ததும் எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. விண்டோஸின் முதல் பகுதியை ஏற்றியது போர்டு. அதற்கு எஸ்எஸ்டி நன்றாகவே தெரிந்தது. பிறகு பொறுப்பை ஏற்ற விண்டோஸ், தன் சொந்த டிரைவர் மூலம் அதே எஸ்எஸ்டியைத் தேடியபோது கிடைக்கவில்லை. இடையில் ஒரு டிரைவர் குறைகிறது என்று பொருள்.

எது என்று கண்டுபிடிக்க, பென்டிரைவில் எழும்பி, சியில் உள்ள, விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் சிஸ்டம் ரெஜிஸ்ட்ரி கோப்பை வெளியிலிருந்து ஏற்றிப் பார்த்தோம். பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க் கன்ட்ரோலர் பிசிஐஐடிஇ என்ற தலைப்பின் கீழ் பதிவாகியிருந்தது. அதாவது 2012இல் அசெம்பிள் செய்தவர் பயாஸில் சாட்டா எனும் டிஸ்க் இணைப்பை ஐடிஇ என்ற பழைய நிலையிலேயே விட்டிருக்கிறார். அது அந்தக் காலப் பல போர்டுகளின் இயல்புநிலை. எஸ்எஸ்டி போட்ட பிறகும் யாரும் அதை மாற்றவில்லை. புது போர்டில் ஐடிஇ என்ற பேச்சே இல்லை, அதற்குப் பின் வந்த ஏஹெச்சிஐ நிலை மட்டும்தான்.

ஏஹெச்சிஐக்கான ஸ்டோர்ஏஹெச்சிஐ டிரைவர் விண்டோஸ் 10க்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் இந்த கம்ப்யூட்டருக்குத் தேவையில்லை என்று விண்டோஸ் அதை ஒதுக்கி வைத்திருந்தது. அந்த டிரைவரின் பதிவுக்குக் கீழே ஸ்டார்ட்ஓவர்ரைடு என்ற ஒரு சின்னச் சாவி, அதில் மதிப்பு 3. எழும்பும்போது இதை ஏற்றாதே என்பது அதன் அர்த்தம். ரெஜிஸ்ட்ரியிலேயே அதை 0 ஆக்கலாம். நான் விரும்புவது இன்னொரு வழி: கட்டளைத் திரையில் பிசிடிஎடிட் மூலம் அடுத்த தடவை சேஃப் மோடில் எழும்பச் சொல்வது. சேஃப் மோடில் ஏறும்போது விண்டோஸ் டிஸ்க்குக்குத் தேவையான டிரைவரைத் தானே மறுபடி இயக்கிக்கொள்ளும். ரெஜிஸ்ட்ரியில் தப்பான கன்ட்ரோல்செட்டை (அமைப்புத் தொகுப்பை) திருத்திவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று முழிக்க வேண்டியதில்லை.

சேஃப் மோடில் எழும்பியது. எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் பக்கத்தில் சேஃப் பூட் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். இந்த டிக்கை எடுக்காவிட்டால் ஆயுசுக்கும் சேஃப் மோடில்தான் எழும்பும். அடுத்த தடவை "கெட்டிங் டிவைசஸ் ரெடி" சுற்றி முடிந்து அக்காவின் மகள் படம் வைத்த பழைய வால்பேப்பர் வந்தது.

பழைய போர்டு உயிரோடிருக்கும்போதே இதைச் செய்கிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. கழற்றுவதற்கு முன் கடைசியாக மூடும்போது ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் சாதாரண ஷட்டவுன் முழு ஷட்டவுன் இல்லை; பழைய ஹார்டுவேரின் நிலையைக் கோப்பில் சேமித்து வைத்துக்கொண்டு தூங்கும். போர்டு கம்பெனி கொடுத்த ஃபேன் கன்ட்ரோல், ஓவர்கிளாக் மென்பொருள்களையும் முன்பே நீக்கிவிடுவது நல்லது. அவை விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் மட்டத்தில் டிரைவர் போட்டிருக்கும், புது போர்டில் வீண் வம்பு.

டெஸ்க்டாப் வந்த பிறகு

திரை 1024க்கு 768இல் பெரிது பெரிதாகத் தெரிந்தது. கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லை என்பதால். லேன் உடனே வேலை செய்தது, இந்த போர்டில் இருந்தது வழக்கமான 1 ஜிகாபிட் ரியல்டெக் சிப் என்பதால். புது 2.5 ஜிகாபிட் சிப்கள் பலவற்றுக்கு விண்டோஸ் 10க்குள் டிரைவர் கிடையாது. அப்போது இணையம் இல்லாமல் டிரைவர் இறக்க முடியாது, டிரைவர் இல்லாமல் இணையம் வராது என்ற சுழல். பென்டிரைவில் லேன் டிரைவரை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். மறந்தால் ஆண்ட்ராய்டு ஃபோனை யுஎஸ்பியில் மாட்டி டெதரிங் போட்டால் போதும், அதற்கு எந்த டிரைவரும் தனியாக வேண்டாம்.

சிப்செட், கிராஃபிக்ஸ், ஆடியோ டிரைவர்கள் போட்டதோடு அந்தப் பக்கம் முடிந்தது. வேலை இழுத்தது வேறு இரண்டு இடத்தில்.

பக்கத்து மேசையில் இருக்கும் பில்லிங் கம்ப்யூட்டர், இந்த கம்ப்யூட்டரை 192.168.1.50 என்ற நிலையான முகவரியில் தேடும். புது லேன் கார்டுக்கு அந்த முகவரியைக் கொடுத்தால் விண்டோஸ் ஆட்சேபித்தது: இந்த முகவரி ஏற்கெனவே இன்னொரு அடாப்டருக்குத் தரப்பட்டிருக்கிறது, அது இப்போது கம்ப்யூட்டரில் இல்லை. அந்த இன்னொன்று குப்பைக்குப் போன போர்டின் லேன் சிப். டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவில் மறைந்த சாதனங்களைக் காட்டு என்று சொன்னால் மங்கலான ஐகான்களாகப் பழைய போர்டின் சாதனங்கள் வரிசையாக வரும். பழைய லேனை அதில் அன்இன்ஸ்டால் செய்ததும் முகவரி விடுபட்டது. மற்ற மங்கல் ஐகான்களைத் தொடவில்லை. கிடந்தால் ஒரு பாதகமும் இல்லை. அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்து எடுப்பதில் மணிக்கணக்கில் செலவழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கம்ப்யூட்டர் ஒரு துளியும் வேகமாவதில்லை.

இரண்டாவது லேசர் பிரின்டர். யுஎஸ்பியில் மாட்டியதும் விண்டோஸ் அதைப் புது பிரின்டராக நினைத்து, அதே பெயருக்குப் பின்னால் "காப்பி 1" சேர்த்து நிறுவிக்கொண்டது. பழைய பெயர் ஆஃப்லைனில் சாம்பல் நிறத்தில் நின்றது. இதில் என்ன, புதியதை டீஃபால்ட்டாக வைத்தால் போயிற்று என்று தோன்றும். அச்சகத்தில் அது ஆகாது. பேஜ்மேக்கர் கோப்பு ஒவ்வொன்றும் எந்த பிரின்டருக்காகப் பக்கம் அமைக்கப்பட்டது என்பதை உள்ளே வைத்திருக்கும். பிரின்டர் மாறினால் வரிகள் நகர்ந்துவிடக்கூடும். அந்தக் கோப்புகள் தேடுவது பழைய பெயரை. அதனால் பழைய பிரின்டரின் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பக்கத்துக்குப் போய், "காப்பி 1" எந்த யுஎஸ்பி போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறதோ அதே போர்ட்டுக்குப் பழையதை மாற்றி, "காப்பி 1"ஐ நீக்கினோம். பழைய பெயர், பழைய அளவு, பழைய மார்ஜின் எல்லாம் திரும்பி வந்தன. பழைய பத்திரிகைக் கோப்பு ஒன்றை அச்சிட்டு, முன்பு அடித்த தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தபோது வரிக்கு வரி பொருந்தியது.

எழுத்துருவின் யுஎஸ்பி லாக் மாட்டியதும் விளக்கு எரிந்தது, மென்பொருள் மறுபேச்சில்லாமல் திறந்தது. உரிமம் லாக்குக்குள்ளேயே இருப்பதால் போர்டு மாறியது அதற்குத் தெரியாது. லாக் பழைய பேரலல் போர்ட் வகையாக இருந்திருந்தால் கதை வேறு; சந்தையில் கிடைக்கும் யுஎஸ்பி-பேரலல் கேபிள்கள் பிரின்டருக்குத்தான் ஆகும், லாக்குக்கு உதவாது. கணக்குக்கு வைத்திருந்த டேலி மட்டும் கம்ப்யூட்டரின் அடையாளம் மாறியதைக் கண்டு உரிமம் இல்லாதபோது வரும் எஜுகேஷனல் மோடுக்கு இறங்கிவிட்டது. பதிவு செய்த மின்னஞ்சல் அக்காவின் கணவருடையது, அதன் பாஸ்வேர்டு தெரிந்திருந்ததால் உரிமத்தை மீண்டும் ஆக்டிவேட் செய்ய முடிந்தது. இப்படிக் கம்ப்யூட்டரின் அடையாளத்தோடு பூட்டிய மென்பொருள் எது இருந்தாலும், பழைய போர்டு ஓடும்போதே உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாற்றுவதுதான் முறை.

விண்டோஸ் உரிமம்

திரையின் வலது கீழ் மூலையில் "ஆக்டிவேட் விண்டோஸ்" என்று வந்துவிட்டது. இதில் பலருக்குக் குழப்பம், ஆகவே விவரமாகவே.

டிஜிட்டல் லைசென்ஸ் என்பது முக்கியமாக போர்டின் அடையாளத்தோடு பிணைந்தது. கடையில் தனியாக வாங்கிய ரீடெய்ல் உரிமமாக இருந்து, அதை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால், ஆக்டிவேஷன் ட்ரபிள்ஷூட்டரில் "சமீபத்தில் ஹார்டுவேரை மாற்றினேன்" என்பதைத் தேர்ந்து புது போர்டுக்குக் கொண்டுவரலாம். 2016 ஆகஸ்டில் வந்த 1607 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்தக் கம்ப்யூட்டரோடு போயிற்று. மைக்ரோசாஃப்டைப் பொறுத்தவரை போர்டு மாறினால் அது புதுக் கம்ப்யூட்டர். பழுதான போர்டுக்குப் பதிலாகத் தயாரிப்பாளரே மாற்றித் தருவது மட்டும் விதிவிலக்கு.

இங்கே மூல உரிமம் 2012இன் விண்டோஸ் 7 ஓஇஎம். விண்டோஸ் 10க்கு இலவசமாக ஏறினாலும் வம்சம் மாறாது. ஒரு பொறி உண்டு: உரிம விவரம் காட்டும் எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையில் பார்த்தால் "ரீடெய்ல்" என்று காட்டும். இலவசமாக ஏறிய எல்லாருக்கும் பொதுவான ஒரு சாவி போடப்பட்டிருப்பதால் அப்படிக் காட்டுகிறது. அதை நம்பி வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. பழைய விண்டோஸ் 7 சாவியை அடித்துத் தப்பிக்கும் வழியையும் மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது.

ஆகவே புது உரிமம் வாங்க வேண்டியதாயிற்று. விண்டோஸ் 11 ப்ரோ சாவி விண்டோஸ் 10 ப்ரோவிலும் வேலை செய்யும். செட்டிங்ஸில் சாவியை மாற்று என்று கொடுத்து அடித்தால் போதும், எதையும் மறுபடி நிறுவ வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் சாவிகளை மகன் காட்டினார். அவற்றில் பல ஏதோ நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்பட்டவை, என்றைக்கு முடக்கப்படும் என்று சொல்ல முடியாது. தொழில் நடத்தும் கம்ப்யூட்டரில் ஆக்டிவேட்டர் (உரிமம் வாங்காமலே விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் கள்ள மென்பொருள்) ஓட்டுவதைப் பற்றியோ பேச்சே வேண்டாம். அதற்காக ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும்போதே புரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வழக்கில் வராத, அடுத்த வழக்கில் வரக்கூடியவை

இந்த எஸ்எஸ்டியில் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் இல்லை. இருந்திருந்தால் புது போர்டில் எழும்பியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நின்றிருக்கும், ஏனென்றால் பூட்டைத் திறக்கும் ரகசியம் பழைய போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் இருந்திருக்கும். விண்டோஸ் 11 24ஹெச்2 புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த பல கம்ப்யூட்டர்களில் குறியாக்கம் கேட்காமலே இயங்கிவிடுகிறது, உரிமையாளருக்கே தெரிந்திருக்காது. போர்டைக் கழற்றும் முன் கணக்கில் சாவி இருக்கிறதா என்று பார்த்து, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். பழைய போர்டு செத்து, சாவியும் கிடைக்காவிட்டால் அந்த டேட்டா போனதுதான். பின் நம்பர் போட்டு நுழைகிறவர்களுக்கும் அது டிபிஎம்மோடு பிணைந்தது என்பதால் புது போர்டில் வேலை செய்யாது. அசல் பாஸ்வேர்டு கையில் இருக்க வேண்டும்.

சமீபத்திய இன்டெல் லேப்டாப்களிலும் சில டெஸ்க்டாப்களிலும் விஎம்டி என்ற டிஸ்க் நிலை இருக்கும். பழைய போர்டில் அது ஆனில் இருந்து புதியதில் ஆஃப் என்றாலும், அதற்கு நேர்மாறாக இருந்தாலும் இதே நீலத் திரைதான். இரண்டையும் ஒரே நிலையில் வைத்து எழுப்பிப் பாருங்கள்.

லினக்ஸ்காரர்களுக்கு இந்தப் பாடு குறைவு; டிரைவர்கள் கெர்னலோடு வந்துவிடுகின்றன, டிஸ்க்கும் அதற்கே உரிய யுயுஐடி எண்ணை வைத்து அடையாளம் காணப்படுகிறது. இரண்டு இடத்தில்தான் தட்டும். யுஇஎஃப்ஐ பூட் பதிவு டிஸ்க்கில் இல்லை, பழைய போர்டின் நினைவகத்தில் இருந்தது. புது போர்டில் அதை மறுபடி உண்டாக்க வேண்டியிருக்கலாம். லேன் பெயர் மாறுவதால் நிலையான ஐபி முகவரி அமைப்பும் செயல்படாமல் போகலாம்.

இப்போதைய நிலை

விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் தனிநபர் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும், அதற்கு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும். ஜிபிடி, யுஇஎஃப்ஐ, டிபிஎம் எல்லாம் இப்போது இருப்பதால் விண்டோஸ் 11க்கு ஏறத் தடையில்லை. உரிமமும் கையில் இருக்கிறது. தெரியாதது அந்தக் கீபோர்டு டிரைவர் 11இல் ஓடுமா என்பதுதான். அதனால் எடுத்து வைத்த இமேஜை ஒரு உபரி எஸ்எஸ்டியில் இறக்கி, சீசன் முடிந்ததும் அதில் 11 ஏற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. அதுவரை டிசைன் கம்ப்யூட்டரில் மெயிலும் பிரவுசரும் பில்லிங் மேசைக்குப் போய்விட்டன. மகனுக்கு அதில் வருத்தம்தான்.